ஐந்து ஆண்டுகளில் நான்கு பணியாளர்கள்: ஒரு சமூக நலத் தொண்டு நிறுவனத்துடன் எங்கள் அனுபவம்

நண்பர் ஒருவர் சென்ற வாரம் கேட்டார்: "உங்கள் அம்மாவை வீட்டுக்கே வந்து பார்க்கிறார்களே, அந்தத் தொண்டு நிறுவனத்தில் என் அப்பாவையும் பதிந்துவிடலாமா?" ஆறு மாதத்துக்கு முன்பு கேட்டிருந்தால், இன்றே பதிந்துவிடுங்கள் என்றிருப்பேன். இப்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அவருக்குப் பதிலாக எழுத உட்கார்ந்ததுதான் இது.

அந்த நிறுவனம் செய்யும் வேலை பலருக்கும் தெரிந்ததே. வசதி குறைந்த நகர்ப்பகுதிகளில் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பார்கள், மருத்துவமனைக்குத் துணைக்கு வருவார்கள், மனு எழுதித் தருவார்கள். ஒழுகும் சுவருக்கும் எரியாத விளக்குக்கும் குடியிருப்பவர்களைத் திரட்டிக்கொண்டு அலைவார்கள். ஐந்து ஆண்டுகளாக எங்கள் வீடு அவர்கள் பதிவேட்டில் இருக்கிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். எதிர்வீட்டுச் சிறுவனுக்கு இரவெல்லாம் இரைப்பு. மருந்து மாற்றி மாற்றிக் கொடுத்தும் கேட்கவில்லை. ஈரச் சுவரும் பூஞ்சையும் ஆஸ்துமாவைக் கிளறும் என்று மருத்துவருக்குத் தெரியும். ஆனால் அவர் அந்த வீட்டுக்கு வந்து சுவரைத் தொட்டுப் பார்க்கப் போவதில்லை. இவர்கள் தொட்டுப் பார்த்தார்கள். மருத்துவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு வீட்டு உரிமையாளரிடம் மூன்று முறை நடந்து, சுவருக்குள் கசிந்த குழாயை மாற்ற வைத்தார்கள். அடுத்த மழைக்காலத்தில் அந்தச் சிறுவன் பள்ளிக்கு விடுப்பு எடுத்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இன்னொரு முறை சர்க்கரை நோய் பற்றிக் கூட்டம் போட வந்தவர்கள், மாடிப்படியில் விளக்கில்லாததால் பெரியவர்கள் மாலை நடைக்கு இறங்குவதில்லை என்று நாங்கள் சொன்னதும், கூட்டத்தை ஒத்திவைத்துவிட்டு விளக்கைப் பிடித்துக்கொண்டார்கள். கேட்பதற்கு வந்தோம் என்று சொல்லிவிட்டு உண்மையிலேயே கேட்டவர்களை நான் பார்த்தது அப்போதுதான்.

இனி அம்மாவின் கதைக்கு வருகிறேன்.

முதலில் வந்த பணியாளர் எங்கள் பகுதியிலேயே வளர்ந்த பெண். வந்ததும் கருவியை எடுக்கமாட்டார். "அம்மா, முதுகைச் சாய்த்து உட்காருங்கள். இரண்டு காலையும் தரையில் ஊன்றுங்கள். ஐந்து நிமிடம் எதுவும் பேச வேண்டாம்." கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடம். கை இதயத்தின் மட்டத்துக்கு வருவதற்காக மேசைமேல் தலையணையை மடித்து வைப்பார். பட்டையைத் துணிக்குமேல் சுற்றவே மாட்டார். ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது முறையும் எடுப்பார். படியேறிப் போய் மூச்சு வாங்க உட்கார்ந்த கையோடு மருத்துவமனையில் எடுத்தபோது மேல் அளவு 172 காட்டியது. வீட்டில் இவர் எடுத்தபோது 150. ரத்த அழுத்தத்தை இப்படித்தான் எடுக்க வேண்டும் என்பதையே அவர் செய்த பிறகுதான் நான் தெரிந்துகொண்டேன்.

ஆறேழு மாதம் ஆயிற்று. ஒரு நாள் அவர் பட்டையைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது அம்மா தானாகவே சொன்னார்: "மாத்திரையைப் பாதியாக உடைத்துத்தான் போடுகிறேன், கண்ணு. ஒரு மாதத்து மாத்திரை இரண்டு மாதத்துக்கு வரும்." பெற்ற பிள்ளையான என்னிடம் சொல்லாததை அவரிடம் சொன்னார். அந்தப் பெண் அதிர்ச்சியும் காட்டவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. கருவியைப் பைக்குள் வைத்துவிட்டு, "எத்தனை நாளாக அம்மா?" என்று மட்டும் கேட்டார். மறுவாரமே அம்மாவை மருத்துவரிடம் அழைத்துப் போய், விலை குறைந்த மாற்று மருந்தை எழுதி வாங்கி, அதை மாதாமாதம் இலவசமாகப் பெறவும் வழி செய்துவிட்டார். நான்கு மாதத்தில் மேல் அளவு 130 சொச்சத்துக்கு வந்தது.

அவரிடம் ஒரு நீள நோட்டுப் புத்தகம் இருந்தது. வீட்டுக்கு ஒரு பக்கம். எங்கள் பக்கத்தை ஒருமுறை பார்த்திருக்கிறேன்: "இடது கையில் எடுக்கவும். மாத்திரை பற்றித் தனியாக இருக்கும்போது மட்டும் கேட்கவும்."

இரண்டாம் ஆண்டின் முடிவில் அவர் போய்விட்டார். அவராக விரும்பிப் போகவில்லை. திட்டத்துக்கான நிதி முடிந்தது, ஒப்பந்தமும் முடிந்தது. நோட்டும் அவரோடு போயிற்று. அடுத்து ஓர் இளைஞர் வந்தார், பதினோரு மாதம் இருந்தார். பிறகு ஒரு பெண். இப்போது நான்காவது ஆள். ஒவ்வொருவரும் கையில் கணினிப் பலகையோடு வந்து முதல் கேள்வியிலிருந்து தொடங்கினார்கள். வீட்டில் எத்தனை பேர், யாருக்கு வேலை இருக்கிறது, கடந்த மாதம் எந்த வேளையாவது பட்டினி கிடந்தீர்களா. இந்தக் கேள்விகளை முன்பின் தெரியாதவர் வாசலில் நின்று கேட்டால் எந்த மனிதர் உண்மை சொல்வார்? அம்மா மூன்று முறையும் "அதெல்லாம் இல்லை" என்றார். "மருந்தை முறையாக உட்கொள்கிறாரா?" அதற்கு ஆம், இல்லை என்று இரண்டே கட்டங்கள். ஆம் என்றார். ஆம் என்று பதிந்தார்கள்.

இடையில் அந்த இலவச மருந்து ஏற்பாடு நின்றுபோனது. ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்க வேண்டுமாம். அது நோட்டைக் கொண்டுபோனவருக்குத்தான் தெரியும். அம்மா மறுபடி மாத்திரையை உடைக்கத் தொடங்கினார். அளவு ஏறியது. நிறுவனத்தின் பதிவில் "மருந்து முறையாக எடுக்கிறார், ஆனாலும் கட்டுப்படவில்லை" என்று இருந்ததால் மருத்துவர் இரண்டாவது மருந்து ஒன்றைச் சேர்த்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பதிவைப் பார்க்கும் எந்த மருத்துவரும் அதைத்தான் செய்வார். சென்ற மாதம் எனக்கு ஒரு வாரம் விடுப்பு. சீட்டில் எழுதியபடி இரண்டு மருந்தையும் முழு மாத்திரையாக நானே எடுத்துக் கொடுத்தேன். நான்காம் நாள் காலை அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தார். மேல் அளவு 94.

அன்று மாலை அலமாரியைத் துழாவினேன். மாத்திரை அட்டையின் கிழிந்த தகட்டுக்குள் பாதி மாத்திரைகள், ஒவ்வொன்றாக மடித்துச் செருகப்பட்டிருந்தன. உடைந்த ஓரம் நமுத்து மாவாகிக் கிடந்தது. பதினேழு பாதிகள்.

கோபம் யார்மீது என்று தெரியாமல் இரண்டு நாள் இருந்தேன். இப்போது வரும் பணியாளர்மீது இல்லை. அவருக்கு அறுபது வீடு. அவருடைய ஒப்பந்தமும் பதினோரு மாதம்தான். அன்று இரவு விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்தவரும் அவர்தான். நிறுவனத்துக்குப் போய்ப் பொறுப்பாளரைப் பார்த்தேன். நிதி தருபவர்கள் ஆண்டுக் கணக்கில்தான் தருகிறார்கள், எத்தனை வீட்டுக்குப் போனோம் என்றுதான் கேட்கிறார்கள், ஒரே ஆள் எத்தனை ஆண்டு போனார் என்று கேட்பதில்லை என்றார். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஆண்டறிக்கையில் எங்கள் பகுதியில் மருந்தை முறையாக எடுப்போர் கூடியிருப்பதாகப் படம் வரைந்து போட்டிருக்கிறார்களே, அந்தப் படத்தில் என் அம்மாவின் "ஆம்" மூன்று முறை இருக்கிறது. அதை அவரிடம் சொன்னேன். அவர் பேசவில்லை.

இதெல்லாம் யாருக்கும் தெரியாத ரகசியமா? நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே குறைவாகக் கிடைக்கிறது என்று ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற மருத்துவர் 1971இலேயே எழுதிவிட்டார். அந்தக் குறையை நிரப்பத்தான் இத்தகைய நிறுவனங்கள் வந்தன. சமூக சுகாதாரப் பணியாளர்களுக்கு உரிய ஊதியமும் எழுத்துப்பூர்வ ஒப்பந்தமும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் வழிகாட்டுதலே வெளியிட்டது. ஒரே ஆளோடு ஏற்படும் பழக்கத்துக்கு என்ன பலன் என்று கேட்பவர்களுக்கு அதே ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வைச் சொல்வேன். லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 52 முடிதிருத்தகங்களில், ரத்த அழுத்தம் கூடிய கறுப்பின ஆண்கள் 319 பேரிடம் நடந்தது. அவர்கள் வழக்கமாகப் போகும் கடைக்கே மருந்தாளுநர் வந்து மருந்து எழுதிக் கொடுத்துத் தொடர்ந்து பார்த்துக்கொண்டார். ஆறு மாதத்தில் மேல் அளவு சராசரியாக 27 இறங்கியது. மருத்துவரைப் போய்ப் பாருங்கள் என்று முடிதிருத்துபவர் சொன்னதோடு நின்ற கடைகளில் ஏறத்தாழ 9தான் இறங்கியது. மருந்து ஊரெங்கும் இருக்கும் மருந்துதான். கூச்சமில்லாமல் உட்காரும் நாற்காலிக்கே அது தேடி வந்தது, வந்தவரே திரும்பத் திரும்ப வந்தார்.

நண்பருக்கு என் பதில்: இன்றைய மனநிலையில் இந்த நிறுவனத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன். இவ்வளவு நன்மை கண்ட பிறகும் அதைத்தான் சொல்கிறேன். மனம் ஆறினால் மாற்றிச் சொல்வேனோ என்னவோ. அப்படியும் அப்பாவைப் பதிவதென்றால், வருகிறவரின் ஒப்பந்தம் எந்த மாதம் முடிகிறது என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவர் போவதற்கு முன், அடுத்து வருபவரை ஒரு முறையாவது கூடவே அழைத்து வரச் சொல்லி வற்புறுத்துங்கள். ஒரு நோட்டை வீட்டிலேயே வையுங்கள்.

நாங்கள் இப்போது அப்படி ஒன்று வைத்திருக்கிறோம். மருத்துவர் இரண்டாவது மருந்தை நிறுத்திவிட்டார். மருந்து ஏற்பாட்டைப் புதுப்பிக்க நான்காவது பணியாளர் மனு கொடுத்திருக்கிறார். வியாழக்கிழமை வந்தபோது அவர் பலகையைத் திறக்கவில்லை. நோட்டில் நான் எழுதியிருந்த முதல் பக்கத்தை முழுவதும் படித்தார். பிறகு தலையணையை மடித்து மேசைமேல் வைத்துவிட்டு, "ஐந்து நிமிடம் அம்மா" என்றார். அம்மா இடது கையை நீட்டினார்.