ஆறுக்கு நாலடி வாசல்: நாலு வருஷத்துக்கு அப்புறம்

வேளச்சேரிப் பக்கம் இரண்டாவது மாடியில் எங்கள் ஃபிளாட். கதவைத் திறந்தால் ஆறடி நீளம், நாலடி அகலத்தில் ஒரு நடை, அதைத் தாண்டினால் ஹால். 2021 கடைசியில் இந்த இடத்தை ஆசை ஆசையாகச் செய்தோம். தரையில் ஆத்தங்குடி டைல்ஸ், சுவரோடு ஒட்டிய ஒல்லியான ஷூ ரேக், ஆளுயரக் கண்ணாடி, ஒரு சின்ன பெஞ்ச், ஆள் வந்தால் தானாக எரியும் விளக்கு. இதில் இன்றைக்கு எது மிச்சமிருக்கிறது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் போனது ஷூ ரேக். படத்தில் அவ்வளவு அழகு! ஏழே அங்குலம்தான் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும், கதவை இழுத்தால் முன்பக்கம் சாயும். 24 ஜோடி வைக்கலாம் என்றார்கள். என் கணவருடைய 10ஆம் நம்பர் ஷூவை உள்ளே வைத்தால் கதவு மூடாது. கடைசியில் 14 ஜோடிதான் நின்றது, அதிலும் பாதி என் பெண்ணுடைய ஸ்கூல் செருப்பு. அதையாவது சகித்துக்கொண்டிருப்போம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. இரண்டாவது மாடிக்கு வெள்ளம் வரவில்லை, ஆனால் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்த நனைந்த செருப்பெல்லாம் அந்த ரேக்குக்குள்தான் போயின. ரேக் செய்தது பார்ட்டிகிள் போர்டில், அதாவது மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில். ஒரே வாரத்தில் அடிப்பக்கம் ஊறவைத்த ரஸ்க் மாதிரி உப்பிவிட்டது. உள்ளே காற்றுப் போக வழியே இல்லாததால் நாற்றம் ஹால் வரைக்கும்.

அப்புறம்தான் ஆசாரியைக் கூப்பிட்டோம். அவர் முதலில் கேட்டதே, "அக்கா, இதுக்கு அடியில எப்படித் துடைப்பீங்க?" என்றுதான். தரையிலிருந்து 5 அங்குலம் தூக்கி, 13 அங்குல ஆழத்தில், பலகைக் கீற்றுகள் வைத்த கதவோடு செய்து கொடுத்தார். சாதாரண கமர்ஷியல் ப்ளைவுட் வேண்டாம், ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள ப்ளைதான் வேண்டும் என்று அவரே பிடிவாதம் பிடித்தார். தண்ணீருக்குத் தாங்குகிற பசையில் ஒட்டியது அது. செலவு பழைய ரேக்கைப் போல இரண்டு மடங்குக்கு மேல். நடை குறுகிவிட்டதும் உண்மைதான், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். ஆனால் இரண்டு மழைக்காலம் தாண்டியும் ஒரு விளிம்புகூட எழும்பவில்லை. அடியில் விட்ட அந்த ஐந்து அங்குல இடத்தில்தான் தினசரி போடுகிற ரப்பர் செருப்புகள் எல்லாம் போகின்றன.

ரேக்கை வெளியே வராந்தாவில் வைக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: எங்கள் குடியிருப்பில் அனுமதி இல்லை. தீப்பிடித்தால் எல்லோரும் ஓட வேண்டிய வழி அது. நியாயம்தான்.

டைல்ஸ் பற்றி என் மனசு இன்னும் இரண்டாகத்தான் இருக்கிறது. ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் கலவையை ஊற்றி, சிமெண்ட் நிரப்பி அழுத்தி, தண்ணீரில் ஊறப்போட்டு உலர்த்துகிறார்கள். அதனால் நடக்க நடக்கத்தான் பளபளப்பு ஏறும். மாதம் ஒரு தடவை துணியில் துளி தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கிறேன், வருகிறவர்கள் எல்லாம் முதலில் கேட்பது அதைப் பற்றித்தான். ஆனால் ஆசிட் ஆகவே ஆகாது. நான் ஊரில் இல்லாத ஒரு நாள், கறை போகட்டும் என்று நல்ல எண்ணத்தில் யாரோ பாத்ரூம் ஆசிட்டை ஊற்றிவிட்டார்கள். இரண்டு கல் வெளுத்தது வெளுத்ததுதான். இரும்புக் குடை ஸ்டாண்டின் துரு வளையம் இன்னொரு கல்லில். ஈரமாக இருந்தால் வழுக்கும் வேறு. இப்போது கதவருகே முழு அகலத்துக்கும் தேங்காய் நார் மிதியடி போட்டிருக்கிறேன். நாலடி டிசைன் அதற்கடியில் ஒளிந்துவிட்டது, என்ன செய்ய.

கண்ணாடியைக் கதவுக்கு நேர் எதிரே மாட்டியிருந்தோம். "வீட்டுக்குள்ள வர்றவங்கள அவங்க மூஞ்சியையே காட்டித் திருப்பி அனுப்புறியாம்மா?" என்று அத்தை கேட்டார். பக்கச் சுவருக்கு மாற்றினோம். நல்லதாகப் போயிற்று, நடை அகலமாகத் தெரிகிறது. பார்சல் கொண்டுவரும் பையன்கள்கூட எட்டிப் பார்த்துத் தலையைச் சரிசெய்துகொள்கிறார்கள். தானியங்கி விளக்குதான் தொல்லை. பூனை நடந்தாலும் எரிந்தது, பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டினால் அணைந்தது. சாதாரண சுவிட்சுக்கே திரும்பிவிட்டோம்.

யாரும் பாராட்டாத பொருள் பெஞ்ச். ஒன்றரை அடி அகலம்தான். மூட்டு வலிக்கிற அத்தை அதில் உட்கார்ந்துதான் செருப்பு மாட்டுகிறார். ஊர் வீட்டில் திண்ணை செய்த வேலையை இங்கே இது செய்கிறது. மேலே ஆறு பித்தளைக் கொக்கிகள்: சாவி, குடை, காய்கறிப் பை, ரெயின்கோட். பெண்ணுக்கென்று இரண்டு கொக்கியைத் தாழ்வாக அடித்தோம், அன்றிலிருந்து ஸ்கூல் பை சோஃபாவுக்குப் போவது நின்றது.

ஹெல்மெட்டுக்கு மட்டும் இன்னும் இடம் கிடைக்கவில்லை. கொக்கியில் மாட்டினால் கண்ணாடியில் இடிக்கிறது, பெஞ்சில் வைத்தால் அத்தைக்கு இடமில்லை. நாலு வருஷமாக ஃப்ரிட்ஜ் மேலேதான் இருக்கிறது.