மதினி குடுத்த ஆந்தூரியமும் எங்க போர் தண்ணியும்: மூணரை வருஷ அனுபவம்

2022 தை மாசம் மதுரை பக்கத்துல நாகமலை புதுக்கோட்டையில வீடு கட்டி பால் காச்சுனோம். வந்த கிஃப்ட் எல்லாம் உங்களுக்கே தெரியும், சுவர் கடிகாரம் நாலு, குக்கர் ரெண்டு, பிள்ளையார் மட்டும் ஏழோ எட்டோ. அதுக்கு நடுவுல எங்க வீட்டுக்காரரோட அக்கா, எனக்கு மதினி, அருப்புக்கோட்டையில இருக்காங்க, அவங்க மட்டும் ஜிகினா பேப்பர் சுத்தி ரிப்பன் கட்டி ஒரு செடியக் கொண்டு வந்தாங்க. செக்கச்செவேல்னு அஞ்சு பூ, எனாமல் பெயின்ட் அடிச்ச மாதிரி பளபளன்னு. வந்தவங்க எல்லாம் "பிளாஸ்டிக்கா?"ன்னு கேட்டுக்கிட்டே நகத்தால ஒரு கிள்ளு கிள்ளிப் பாத்தாங்க, பந்தி முடியிறதுக்குள்ள அஞ்சு பூவுலயும் பிறை பிறையா நகக்குறி. மதினி கிளம்பும்போது "பாத்து வச்சுக்க, லேசுல பூக்காது இதெல்லாம்"னு சொல்லிட்டுப் போனாங்க. அன்னைக்குப் பிடிச்சுது எனக்கு பயம். மத்த செடி செத்தா செடி செத்துச்சு அவ்வளவுதான், மதினி குடுத்த செடி செத்தா அது வேற விஷயம், கல்யாணம் பண்ணவங்களுக்குப் புரியும்.

செடி பேரு ஆந்தூரியம். வாங்க நினைக்கிறவங்களுக்கு, இல்ல யாராவது குடுத்து என்ன செய்யறதுன்னு முழிக்கிறவங்களுக்குத்தான் இதை எழுதுறேன். மூணரை வருஷத்துல ரெண்டு தடவை சாகக் கிடந்து பொழைச்சுது, இப்ப நாலு பூவோட நிக்குது. நெட்டுல பாத்தா "பிரைட் லைட், ஈரப்பதம், வாரம் ரெண்டு தடவை தண்ணி"ன்னு எல்லாரும் ஒரே பாட்டு பாடுறாங்க, என்ன தண்ணின்னு ஒருத்தரும் சொல்லல. மதுரைக்கு அதுதான் முக்கியம்.

முதல்ல நல்லாத்தான் இருந்துச்சு. அந்த அஞ்சு பூவும் ஒன்றரை மாசத்துக்கு மேல அப்படியே நின்னுச்சு. நம்ம மல்லி சாயங்காலம் மலர்ந்து மறுநாள் மதியத்துக்குள்ள வாடிப்போற பூவு, அதையே பாத்து வளந்தவளுக்கு இது ஆச்சரியமாத்தான் இருந்துச்சு. அப்புறம்தான் தெரிஞ்சுது நம்ம பூன்னு நினைக்கிற அந்தச் சிவப்பு பூவே இல்லையாம், அது ஒரு வகை இலை, மடல். நடுவுல திரி மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கு பாருங்க, அதுல புள்ளி புள்ளியா மொய்ச்சுக்கிட்டு இருக்கிறதுதான் நிஜப் பூ. சேனை, சேம்பு, மணி பிளான்ட் எல்லாம் இதுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம், ஒரே குடும்பம். எங்க அத்தைக்கு (மாமியார்) இது எதுவும் எடுபடல. "வாசனையே இல்லாத பூவு என்ன பூவு, பாம்பு படம் எடுத்தாப்புல"ன்னு சொல்லிட்டு, பெறகு என்ன நினைச்சாங்களோ ஒண்ணைக் கிள்ளி பிள்ளையாருக்கு வச்சுட்டாங்க. ரெண்டு வாரம் வாடாம இருந்துச்சு, "இவருக்குப் பூ மாத்துற வேலையே இல்ல"ன்னு அவங்களுக்கே சந்தோசம்.

சிக்கல் பங்குனியில ஆரம்பிச்சுது. பூவெல்லாம் பச்சையாகி சுருங்குச்சு, அது இயற்கைதான், ஆனா புதுசா ஒரு மொட்டு கூட இல்ல. இலை நுனி மட்டும் காபித்தூள் கலர்ல கருகி, ஓரமா அப்படியே உள்ள ஏறிக்கிட்டே வந்துச்சு. வெயிலுக்குத்தான் காயுதுன்னு நினைச்சு இன்னும் தண்ணி ஊத்துனேன். ஊத்த ஊத்த இன்னும் கருகுது. அதுல நான் பண்ண மகா புத்திசாலித்தனம் ஒண்ணு இருக்கு. எங்க ஆர்.ஓ. மெசின்ல இருந்து வேஸ்ட் தண்ணி குடம் குடமா போகுதே, வீணாக்குவானேன்னு அதைப் பிடிச்சு செடிக்கு ஊத்திக்கிட்டு இருந்தேன். சுத்தம் பண்ற மெசின்ல இருந்து வர்ற தண்ணி தானேன்னு நினைப்பு. உண்மையில என்னன்னா நம்ம குடிக்கிற தண்ணியில இருந்து பிரிச்ச உப்பு பூராவும் அந்த வேஸ்ட் தண்ணிக்குள்ளதான் போய்ச் சேருது, போர் தண்ணிய விட அது இன்னும் மோசம். ரெண்டு மாசம் அதைத்தான் ஊத்தியிருக்கேன்.

இது எப்படித் தெரிஞ்சுதுன்னா, பிளாஸ்டிக் தொட்டியில இருந்து மானாமதுரை மண் தொட்டிக்கு மாத்துனா குளிர்ச்சியா இருக்கும்னு மாத்தி வச்சிருந்தேன், ஒரு மாசத்துல தொட்டிக்கு வெளிப்பக்கம் பூரா வெள்ளையா உப்பு பூத்துருச்சு. விரல்ல தொட்டு நாக்குல வச்சுப் பாத்தேன், கரிக்குது. எங்க வீட்டுக்காரர் பாத்துட்டு "உள்ள பூக்கலைன்னா என்ன, வெளிய நல்லாத்தான பூத்திருக்கு"ன்னு நக்கல் வேற. அவர் ஆபீஸ்ல யார்கிட்டயோ டி.டி.எஸ். மீட்டர் (ஒரு லிட்டர் தண்ணியில எத்தனை மில்லிகிராம் உப்பு கரைஞ்சிருக்குன்னு காட்டுறது) இருந்துச்சு, பேனா சைஸ்தான், வாங்கிட்டு வந்து வச்சுப் பாத்தோம். எங்க போர் தண்ணி 1380 காட்டுச்சு. ஆர்.ஓ. வேஸ்ட் 2000-ஐத் தாண்டிருச்சு. சரி சும்மா பாப்போமேன்னு ஏ.சி. டியூப்ல இருந்து சொட்டுற தண்ணியில வச்சா 24.

அங்கதான் எனக்கு பல்பு எரிஞ்சுது. இந்தச் செடியோட சொந்த ஊரு தென் அமெரிக்கா, கொலம்பியா, ஈக்வடார் பக்கம் மழைக்காடு. 1876-ல எத்வார் ஆந்த்ரேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் கொலம்பியாவுல பாத்து வெளிய கொண்டு வந்தாராம், ஆந்த்ரேயானம்னு அவர் பேரையே அதுக்கு வச்சிருக்காங்க. அங்க அது பெரும்பாலும் மண்ணுல வளராது, மரத்து மேல தொத்திக்கிட்டு இலைச்சருகுக்குள்ள வேர் விட்டு நிக்கும், மேல இருந்து விழுற மழைத்தண்ணியும் அந்தச் சருகும்தான் சாப்பாடு. வானத்துத் தண்ணி குடிச்சு வளந்ததுக்கு நான் நாகமலைப் பாறைக்குக் கீழ 600 அடியில இருந்து உறிஞ்சுன தண்ணிய ஊத்திக்கிட்டு இருந்திருக்கேன்.

அன்னையில இருந்து ஏ.சி. தண்ணிதான். டியூப்புக்குக் கீழ ஒரு பக்கெட், ராத்திரி பூரா ஓடுனா காலையில முக்கால் பக்கெட் நிக்கும். இதுல ஒரு வசதி, அக்னி நட்சத்திரத்துல செடிக்கு எப்ப தண்ணி அதிகம் வேணுமோ அப்பதான் நமக்கும் ஏ.சி. அதிகம் ஓடுது. ஐப்பசி கார்த்திகையில மழைத்தண்ணிய மொட்டை மாடிக் குழாய்ல இருந்து டிரம்ல பிடிச்சு வச்சுக்குவேன், மூடி போட்டு துணி கட்டி வைங்க, இல்லைன்னா கொசு முட்டை வச்சு டெங்கு வந்துரும், செடிய விட அது முக்கியம். ரெண்டும் இல்லாத ஆடி மாசத்துல குடிக்கிற ஆர்.ஓ. தண்ணியே ஊத்துறேன், வேஸ்ட் இல்லங்க, நல்ல தண்ணி. ஒரு செடிக்கு ஒரு டம்ளர் ஆகுமா.

தண்ணி மாத்துனதும் உடனே பூத்துருச்சான்னா இல்ல. கருகுனது நின்னுச்சு, அவ்வளவுதான். அதுக்குள்ள வேர் பாதி போயிருச்சு. செடி லேசா ஆடுதேன்னு தூக்கிப் பாத்தா கையோட வந்துருச்சு. நல்ல வேரு தடியா வெள்ளையா முளைக்கீரைத் தண்டு மாதிரி இருக்கும், அழுகுன வேரைப் பிடிச்சு இழுத்தா தோல் தனியா உருவிக்கிட்டு வந்து உள்ள நூல் மாதிரி ஒண்ணு மட்டும் நிக்கும், நாத்தம் வேற. நர்சரியில இருந்து வந்தப்ப இருந்த அந்தக் கறுப்புத் தூளு காஞ்சா கல்லு மாதிரி ஆகி தண்ணியவே உள்ள விட மாட்டேங்குது, ஓரமா வழிஞ்சு போயிருது, நனைஞ்சா நாலு நாளைக்கு சதசதன்னு கிடக்குது. நான் அதை உதறாம மண் தொட்டிக்குள்ள அப்படியே இறக்கி, சுத்தி தோட்டத்து மண்ணை வேற போட்டு அமுக்கி வச்சிருந்தேன். அதுக்கு மூச்சு முட்டாம என்ன செய்யும்.

அழுகுன வேர் பூராத்தையும் வெட்டிட்டு இப்படி நட்டேன்: தேங்காய் மட்டைய சின்னச் சின்னத் துண்டா வெட்டி மூணு நாள் ஊற வச்சு, தினம் தண்ணி மாத்தணும், அதுலயும் உப்பு இருக்கு, முதல் நாள் தண்ணி டீ டிக்காசன் கலர்ல வரும். அதுல ரெண்டு பங்கு, இஸ்திரிக் கடையில வாங்குன கரி ஒரு பங்கு (எரிஞ்ச சாம்பல் இல்ல, எரிக்காத கரிக்கட்டை, அந்த அண்ணன் "செடிக்கா?"ன்னு ரெண்டு தடவை கேட்டுட்டு காசே வாங்கல), வீடு கட்டுன மிச்சத்துல கிடந்த செங்கல் ஜல்லி ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு கைப்பிடி. தோட்டத்து மண்ணு ஒரு சிட்டிகை கூட இல்ல. அத்தை பாத்துட்டு "செடி வைக்கிறியா, அடுப்பு மூட்டுறியா"ன்னு கேட்டாங்க. கேட்டது நியாயம்தான், பாக்க அப்படித்தான் இருந்துச்சு.

வேர் வெட்டும்போது கையில கவர் போட்டுக்கங்க. நான் போடல. சேனைக்கிழங்கு நறுக்குனா அரிக்குமே அதே அரிப்பு, முழங்கை வரைக்கும். சொந்தக்காரங்கதானே, குணம் மாறுமா. தேங்காய் எண்ணெய் தேச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். சின்னப் பிள்ளை, பூனை, நாய் இருக்கிற வீட்டுல உசரத்துல வைங்க, கடிச்சா வாயெல்லாம் எரிஞ்சு வீங்கிப் போகும்.

வேர் சரியாச்சு, தண்ணி சரியாச்சு, இலை இலையா புதுசா வருது, பூ மட்டும் வரல. ஒரு வருஷம் ஓடிப் போச்சு. இடையில மதினி தீபாவளிக்கு வந்தப்ப செடிய மொட்டை மாடிப் படிக்குக் கீழ ஒளிச்சு வச்சேன், அதையும் சொல்லிடுறேன். பூக்காததுக்குக் காரணம் ரொம்ப சிம்பிள், டி.வி. ஸ்டாண்ட் பக்கத்துல வச்சிருந்தேன். அழகுக்கு. அந்த இடத்துல பகல்லயும் லைட் போட்டாத்தான் பேப்பர் படிக்க முடியும், செடி எப்படிப் பூக்கும். எடுத்து கிழக்கு ஜன்னலுக்கு மாத்துனேன், காலையில எட்டு மணி வரைக்கும் இளவெயில் அடிக்கும், அப்புறம் வெளிச்சம் மட்டும். மூணாவது மாசம் ஒரு இலைக்காம்போட அடியில, கக்கத்துல இருந்து, வெத்தலைக் கொழுந்தைச் சுருட்டுன மாதிரி மொட்டு எட்டிப் பாத்துச்சு. ஒரு இலை வந்தா அதோட கக்கத்துல ஒரு பூ, அதுதான் இதோட கணக்கு, இலை நல்லா வந்தா பூ தன்னால வரும். ஆனா வெயில் நேரா பட்டுச்சுன்னா போச்சு, ஒரு சித்திரையில அழகர் இறங்குறதைப் பாக்கப் போற அவசரத்துல பால்கனியிலயே விட்டுட்டுப் போயிட்டேன், திரும்பி வந்தா மூணு இலை அப்பளம் சுட்ட மாதிரி. அதுதான் ரெண்டாவது கண்டம். ரெண்டு மாசம் ஆச்சு தேற.

மத்தது எல்லாம் சில்லறை விஷயம். 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து மூணும் சமமா இருக்கிறது) ரெண்டு லிட்டர் தண்ணிக்கு ஒரு கிராம், பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை, அதுக்கு மேல போட்டா அதுவும் உப்புதான். ஆடிக்காத்துல ஈரமே இருக்காது, ஒரு தட்டுல கூழாங்கல் போட்டு தண்ணி ஊத்தி அது மேல தொட்டிய வைக்கிறேன், அடி தண்ணியில முங்காம. ஏ.சி. காத்து நேரா படக் கூடாது. செம்பருத்தியில இருந்து ஒரு தடவை மாவுப்பூச்சி ஏறுச்சு, எறும்பு வரிசையா போகுதேன்னு பாத்தாத்தான் தெரிஞ்சுது, ஸ்பிரிட்ல பஞ்சை நனைச்சுத் துடைச்சுட்டு வேப்பெண்ணெய் அடிச்சேன், போயிருச்சு.

வாங்கலாமான்னு கேட்டா, போர் தண்ணி தவிர வேற வழியே இல்லாத வீடுன்னா வேணாம், பேசாம நந்தியாவட்டை வைங்க. நல்ல தண்ணி ஒரு சொம்பும் கிழக்கு ஜன்னலும் இருந்தா தாராளமா வாங்கலாம். வாசனை வேணும்னா மாட்டுத்தாவணி போய் நூறு மல்லி வாங்கிக்க வேண்டியதுதான்.

போன மாசம் மதினி வந்தாங்க. இந்தத் தடவை ஒளிக்கல, ஹால்லயே வச்சிருந்தேன், நாலு பூ. வந்து உக்காந்து தண்ணி குடிச்சுட்டு, எந்திரிச்சுப் போய் ஒரு பூவ நகத்தால கிள்ளிப் பாத்துட்டு "அட, நிஜமா! எங்கிட்டு வாங்குன?"ன்னு கேட்டாங்க. எங்க வீட்டுக்காரர் என்னைப் பாக்குறாரு, நான் அவரைப் பாக்குறேன். "நீங்க குடுத்ததுதான் மதினி"ன்னேன். "நானா?"ன்னு கொஞ்ச நேரம் யோசிச்சாங்க, நான் மூணு வருஷமா பயந்து கிடந்தது அவங்களுக்கு ஞாபகத்துலயே இல்ல. "அப்ப ஒரு கன்னு எனக்குக் குடு"ன்னாங்க. பக்கத்துல ஒரு கன்னு நாலு இலையும் மூணு வேரும் விட்டு நின்னுச்சு, கையில கவர் போட்டுக்கிட்டு பிரிச்சு, கரியும் மட்டையும் போட்டு ஒரு டப்பாவுல வச்சு, ரெண்டு லிட்டர் பாட்டில்ல ஏ.சி. தண்ணியும் பிடிச்சுக் குடுத்து, எல்லாம் சொல்லித்தான் அனுப்புனேன்.

நேத்து போட்டோ அனுப்பியிருந்தாங்க. இலை நுனி காபித்தூள் கலரு. போன் போட்டு "என்ன தண்ணி ஊத்துறீங்க மதினி?"ன்னேன்.

"நம்ம போர் தண்ணிதான், ஏன்?"