பிளாஸ்டிக் வாளியில் சுண்ணாம்பு நீற்றியவன்

மூன்று வாரம் கும்பகோணத்தில் இருந்துவிட்டு நியூ ஜெர்சி திரும்பி நாலு நாள் ஆகிறது, கணுக்காலில் சுண்ணாம்பு சுட்ட சிவப்பு இன்னும் போகவில்லை. விமானம் நேரத்துக்கு வந்தது, ஆதாரில் முகவரி மாற்றுவது அரை மணியில் முடிந்தது, வங்கியில்கூட யாரும் நாளைக்கு வாங்க என்று சொல்லவில்லை. அதெல்லாம் போகட்டும். நான் சொல்ல வந்தது சுண்ணாம்பு வாங்கின கதை.

எங்கள் வீடு தாத்தா 1930களில் கட்டியது. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், மேலே மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளுக்கு மேல் மெல்லிய செங்கல்லைக் குறுக்குச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்பில் பிணைத்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து நாள்கணக்கில் கட்டையால் தட்டிப் போட்ட தளம். கம்பி கிடையாது, சிமென்ட்டும் கிடையாது. அறுபது வருஷம் சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை என்பார் அப்பா, ஆனால் தொண்ணூறுகளில் எங்கேயோ லேசாகக் கசிந்ததும் யாரோ சொன்னார்கள் என்று தளத்தின்மேல் பதித்திருந்த தட்டை ஓடான தட்டோட்டுக்கு மேலே சிமென்ட் பூசியதும் அவரேதான். அன்று பிடித்தது வினை. சுண்ணாம்புத் தளம் வெயிலுக்குக் கொஞ்சம் நெளிந்து கொடுக்கும், குடித்த ஈரத்தைத் திரும்ப விடும். சிமென்ட்டோ விறைத்துக்கொண்டு நிற்கும், அப்புறம் வெடிக்கும், வெடிப்பில் இறங்கிய மழைத்தண்ணீர் மேலே போக வழியில்லாமல் கீழேதான் வரும். இந்தக் கார்த்திகை மழையில் கூடத்துக் கூரையிலிருந்து இரண்டு முழத்துக்குப் பூச்சு பெயர்ந்து, சிவப்புத் தரையில் ஊஞ்சலுக்குப் பக்கத்தில் விழுந்து அங்கேயும் ஒரு சில்லு போய்விட்டது.

அம்மா வீடியோவில் காட்டியபோது நான் சிரித்தேன். நியூ ஜெர்சியில், எடிசன் என்ற ஊரில் இருக்கும் என் வீட்டுக் கூரைக்கு நான்தான் வைத்தியன். ட்ரைவால் என்கிற ஜிப்சம் பலகை உடைந்தால் சனிக்கிழமை காலை ஹோம் டிப்போ கடை, ஒரு வலை டேப், ஒரு டப்பா பூச்சுக் காம்பவுண்ட், யூடியூபில் பத்து நிமிஷம், மாலைக்குள் பெயிண்ட். ஆகவே பெட்டியில் சுரண்டும் தகடு, டேப், முகமூடி எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். வந்த மறுநாளே கடையில் சுவருக்குப் பூசுகிற பட்டி (புட்டி) வாங்கி அப்பினேன். அடுத்த நாள் காலை அது முழுசாகக் கழன்று காப்பி டம்ளர் பக்கத்தில் விழுந்தது. ஈரச் சுண்ணாம்பின்மேல் பட்டி பிடிக்காதாம். டப்பாவில் அப்படி எங்கேயும் எழுதியில்லை.

சரி, சுண்ணாம்பே வாங்குவோம் என்று ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். கல்லாவில் இருந்தவர் முதலில் கேட்டது, "யார் சார் உங்க கொத்தனார்?" கொத்தனார் இல்லை, நானே செய்யப்போகிறேன் என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். "அவரை அனுப்புங்க சார், அவருக்குத் தெரியும்." இல்லாத ஒருவரை நான் எங்கிருந்து அனுப்புவது? தரைக்கு ரெட் ஆக்சைடு கேட்டேன், பையன் உள்ளே போய் ஒரு டின் கொண்டுவந்து வைத்தான், பணத்தையும் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் இரும்புக் கேட்டுக்கு அடிக்கிற பிரைமர்! நான் கேட்டது சிமென்ட்டில் கலக்கிற பொடி. திரும்பப் போனேன். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்ற பலகையை விரலால் காட்டினார், வாயைக்கூடத் திறக்கவில்லை. எடிசனில் ரசீது இருந்தால் பாதி காலியான டப்பாவைக்கூடச் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, ஆனால் யோசித்தால் எடிசனில் கடை நடப்பதே என்னைப் போல் அரைகுறைகளை நம்பி. கும்பகோணத்தில் கடைக்கு வருகிறவர் மேஸ்திரி, அவருக்கு எதற்கு விளக்கம்?

கடைசியில் வேறு கடையில் பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்திருந்த கிளிஞ்சல் சுண்ணாம்பு கால் மூட்டை கிடைத்தது. சின்ன வயதில் மார்கழிக் கடைசியில் வண்டியில் வரும், அம்மா கொல்லையில் பெரிய பானையில் தண்ணீர் சேர்த்து நீற்றுவாள், அது கொதகொதவென்று கொதிக்கும் சத்தம் ரேழிவரை கேட்கும், கிட்டே போனால் அடி விழும். நீலம் கலந்து அடித்த சுவரில் சாய்ந்தால் சட்டை முதுகெல்லாம் வெள்ளை. இத்தனையும் ஞாபகம் இருக்கிறது. இருந்தும் நான் என்ன செய்தேன் தெரியுமா? குளியலறையிலிருந்து பச்சைப் பிளாஸ்டிக் வாளியை எடுத்து, சுண்ணாம்பைக் கொட்டி, அதன் தலையில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினேன்.

ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. பழைய சரக்கு போலிருக்கிறது என்று இன்னொரு சொம்பு. அப்புறம் புகைந்தது, சீறியது, வாளி ஒரு பக்கமாகத் தொய்ந்து, அடி இளகி, கொல்லைத் தரையில் வெள்ளையாக ஓடி என் காலில் தெறித்தது. நல்லவேளை, வெயிலுக்காகக் கண்ணாடி போட்டிருந்தேன், கண்ணில் பட்டிருந்தால் இதை எழுத ஆள் இருந்திருக்காது. அம்மா குழாயைத் திறந்து காலை அதன் கீழே பிடித்துக்கொண்டே, "இதுக்குத்தான் அமெரிக்கா போய்ப் படிச்சியா?" என்றாள். அதற்கு இன்னும் பதில் தோன்றவில்லை.

பக்கத்து வீட்டு மாமா சொல்லி ஒரு வயதான மேஸ்திரி சைக்கிளில் வந்தார். வாளியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், அப்புறம்தான் என்னை. "தண்ணியில சுண்ணாம்பைப் போடணும் தம்பி, சுண்ணாம்புல தண்ணியை ஊத்தக்கூடாது. இரும்பு டிரம் வேணும். ஊறணும். இன்னிக்கு நீத்தி நாளைக்குப் பூசினா உள்ள வேகாம இருக்கிற கட்டி பின்னாடி பொரிஞ்சு வெடிக்கும்." அவ்வளவுதான், யூடியூப் முழுக்கத் தேடியும் எனக்குக் கிடைக்காதது நாலு வாக்கியத்தில் முடிந்தது. எட்டு நாள் ஊறவைத்தார். கூரையில் பழைய பூச்சைத் தட்டிப் பார்த்து, டொக்கு டொக்கென்று சத்தம் வந்த இடத்தையெல்லாம் உதிர்த்தார், இரண்டு முழம் ஐந்து முழமானது. கட்டையின் நுனி சுவருக்குள் போகும் இடத்தில் ஆணியால் குத்திப் பார்த்து ஒன்று மட்டும் இற்றிருக்கிறது என்றார். மணலும் சுண்ணாம்பும் குழைத்து இரண்டு தடவையாகப் பூசினார். நான் சித்தாள் வேலை பார்த்தேன், சட்டி தூக்கிக் கொடுத்தேன். தரைச் சில்லுக்குப் பொடி அவரே வாங்கி வந்தார், அதே கடையில், ஒரு வார்த்தை பேசாமல். ஒட்டுப்போட்ட இடம் தனியாகத் தெரிகிறதே என்றேன். "அம்மாவைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைக்கச் சொல்லுங்க, கால் படப்பட ஒண்ணாயிடும்" என்றார். பிரைமரில் அம்மா வாசல் கேட்டை அடிக்கச் சொல்லிவிட்டாள்.

மேல் தளம்தான் பாக்கி. சிமென்ட்டைக் கொத்தி எடுத்து, இற்ற கட்டையை மாற்றி, தட்டோடு புதிதாகப் பதிக்க வேண்டும். "மார்கழி மழையில எவனாவது தளத்தைத் திறப்பானா தம்பி? நீங்க எல்லாரும் டிசம்பர்லதான் வர்றீங்க. பங்குனியில வாங்க."

பங்குனியில் எனக்கு லீவு கிடையாது.