டாஹோ மிஸ் அடிக்கிறதா: கேஜா, கவரா, ஸ்கோப்பா?

ஓட்டத்தில் சில சிலிண்டர்களை அணைத்துக்கொள்ளும் வி8 இன்ஜினில் வால்வு கோளாறு என்று சந்தேகம் வந்தால், ஹெட்டில் கை வைக்கும் முன் உறுதி செய்துகொள்ள மூன்று வழிகள் இருக்கின்றன. கம்ப்ரஷன் கேஜும் லீக்டவுன் டெஸ்டரும் சேர்ந்த பழைய ஜோடி ஒன்று. வால்வு கவரைக் கழற்றி, வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கர் ஆடுவதைக் கண்ணால் பார்ப்பது இன்னொன்று. பிளக் துளையில் பிரஷர் டிரான்ஸ்டியூசரை (அழுத்தத்தை மின்சிக்னலாக மாற்றும் சென்சார்) மாட்டி, சிலிண்டருக்குள் நடப்பதை ஆசிலோஸ்கோப் திரையில் வரைகோடாகப் படிப்பது மூன்றாவது. நான் மூன்றாவதற்குக் காசு போட்டுவிட்டவன். கீழே எழுதியிருப்பதில் அந்தச் சாய்வு இருக்கும், தெரிந்தே படியுங்கள்.

ஷார்ஜா சனையா (தொழிற்பேட்டை) பக்கம் கராஜில் நிற்பவர்களுக்கு இந்த இன்ஜினை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. டாஹோ, சபர்பன், யூகான் என்று எந்தப் பெயரில் வந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஜிஎம் 5.3 லிட்டர்தான். 2005 மாடலில் ‘டிஸ்பிளேஸ்மென்ட் ஆன் டிமாண்ட்’ என்ற பெயரில் வந்த ஏற்பாடு, பிறகு ஏ.எஃப்.எம். (ஆக்டிவ் ஃப்யூயல் மேனேஜ்மென்ட்) ஆனது. பாரம் குறைந்த ஓட்டத்தில் 1, 4, 6, 7 ஆகிய நான்கு சிலிண்டர்களும் ஓய்வெடுக்கும். அந்த நான்கிலும் இருக்கும் எட்டு லிஃப்டர்களுக்குள் (கேமின் தள்ளலைப் புஷ்ராடு என்ற கம்பி வழியே ராக்கருக்குக் கொடுக்கும் துண்டுகள்) பூட்டுப் பின்கள் உண்டு. ஆயில் அழுத்தம் பின்னை உள்ளே தள்ளினால் லிஃப்டரின் வெளிக்கூடு மட்டும் கேமோடு ஏறி இறங்கும்; புஷ்ராடு அசையாது, வால்வு திறக்காது. ஆயிலை அனுப்புவது வி8-இன் நடுப் பள்ளத்தில், இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் இருக்கும் வி.எல்.ஓ.எம். (வால்வ் லிஃப்டர் ஆயில் மேனிஃபோல்டு) தட்டு. ஒரு சிலிண்டருக்கு ஒரு சொலினாய்டு, அதாவது மின்சாரத்தில் திறக்கும் சின்ன ஆயில் வால்வு. அந்த ஒரே சொலினாய்டுதான் இன்டேக் லிஃப்டருக்கும் எக்ஸாஸ்ட் லிஃப்டருக்கும் சேர்த்து ஆயில் கொடுக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். என் வாதம் முழுக்க இதன்மேல்தான் நிற்கிறது.

முதல் வேலைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. ஸ்கேனரில் மிஸ்ஃபயர் கவுண்ட் பார், காயிலையும் பிளக்கையும் பக்கத்து சிலிண்டருக்கு மாற்று, இன்ஜெக்டரின் சத்தத்தைக் கேள். மிஸ் அடிப்பது 2, 3, 5, 8-இல் ஒன்று என்றால் ஏ.எஃப்.எம். பற்றிய யோசனையைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். ஒரு சின்ன எச்சரிக்கை: ஸ்கேனரில் வரும் பி3401, பி3425, பி3441, பி3449 ஆகிய எரர் கோடுகள் சொலினாய்டின் மின்சுற்றைப் பற்றியவை. லிஃப்டர் உள்ளுக்குள் சிக்கிக்கொண்டால் அவை வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பி0301 அல்லது பி0307 போன்ற வெறும் மிஸ்ஃபயர் கோடு மட்டும் வந்து நிற்கும். ‘சொலினாய்டு கோடு இல்லை, அதனால் ஏ.எஃப்.எம். நல்லாயிருக்கு’ என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

இப்போது கேஜ். மிகக் குறைந்த சிலிண்டர், மிக அதிகமான சிலிண்டரில் 70 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது என்பது வழக்கமான கணக்கு. சாதாரண இன்ஜினுக்கு இது போதும். லிஃப்டர் பூட்டாமல் போன சிலிண்டரில் கேஜ் நம்மை அலைக்கழிக்கும். இன்டேக் வால்வு திறக்கவில்லை என்றால் காற்றே உள்ளே வராது, ஊசி எழும்பாது. இரண்டு வால்வும் திறக்கவில்லை என்றாலும் அதே கதைதான்: வாயை விரலால் அடைத்த சிரிஞ்சை இழுத்து விடுவதுபோல, உள்ளே இருக்கும் கொஞ்சம் காற்றே நசுங்கி விரியும், ஊசி தாழவே நிற்கும். எக்ஸாஸ்ட் மட்டும் திறக்கவில்லை என்றால்தான் விநோதம். இன்டேக் வழியாகக் காற்று ஒழுங்காக வருகிறது, ஒழுங்காக நசுங்குகிறது. கேஜ் ஆரோக்கியமான எண்ணைக் காட்டிவிடும். வெளியே போக வழியில்லாத காற்று மறுபடி நசுங்கி, இன்டேக் திறந்ததும் மேனிஃபோல்டுக்குள்ளேயே பீறிடும். வண்டியோ திராட்டில் வாயில் ‘டப் டப்’ என்று அடித்துக்கொண்டிருக்கும், கேஜைப் பிடித்தவர் கம்ப்ரஷன் ஓகே என்று எழுதிவிடுவார்.

லீக்டவுன் இன்னும் மோசம். அது பிஸ்டன் மேலே, இரு வால்வும் மூடியிருக்கும் நிலையில் காற்றை ஏற்றிப் பார்க்கிறது. திறக்காத வால்வு என்றால் நன்றாக மூடியிருக்கும் வால்வுதானே? மேலே சொன்ன மூன்று நிலையிலும் லீக்டவுன் சுத்தமாக வரும். ஆனால் இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு பயன் உண்டு: கம்ப்ரஷன் இல்லை, லீக்கும் இல்லை என்றால் வால்வு திறக்கவில்லை. அதுவரை கேஜ் கொண்டுவந்து விடும். எந்த வால்வு, ஒன்றா இரண்டா என்று அதனால் சொல்ல முடியாது.

‘எதுவாக இருந்தால் என்ன, எப்படியும் பிரிக்கத்தானே போகிறோம்’ என்று கேட்பவர்கள் உண்டு. எவ்வளவு பிரிக்கப் போகிறோம் என்பதுதான் பில். ஒரு சொலினாய்டு இரண்டு லிஃப்டருக்கும் ஆயில் தருகிறது என்றேன். ஒரு சிலிண்டரில் இன்டேக் ஒழுங்காகத் திறந்து எக்ஸாஸ்ட் மட்டும் செத்திருந்தால், அல்லது இதற்கு நேர்மாறாக இருந்தால், சொலினாய்டின் மேல் பழி போடுவது கடினம். கோளாறு அந்த ஒரு லிஃப்டரில், அல்லது அதன் புஷ்ராடு, ராக்கர், கேம் லோபில் (கேமின் மேட்டில்). இந்த இன்ஜினில் லிஃப்டர்கள் ஹெட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் தட்டுகளில் உட்கார்ந்திருக்கின்றன. ஹெட்டைத் தூக்காமல் வெளியே வராது. ஹெட் கேஸ்கெட், ஒரு முறை முறுக்கினால் தூக்கிப்போட வேண்டிய ஹெட் போல்ட், ரோலர் திரும்பி கேமைத் தின்றிருந்தால் கேமும் சேரும்.

இரண்டு வால்வும் ஒன்றாகச் செத்திருந்தால் கதை வேறு. இரண்டு லிஃப்டரும் ஒரே நேரத்தில் சிக்குவதைவிட, இரண்டுக்கும் பொதுவான இடத்தில் கோளாறு இருப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். வி.எல்.ஓ.எம். கனெக்டரை உருவிவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். வால்வுகள் உயிர்பெற்றால் வயரிங் அல்லது கன்ட்ரோலர். பெறவில்லை என்றால் சொலினாய்டு வால்வே திறந்த நிலையில் சிக்கியிருக்கலாம். தட்டை மாற்ற இன்டேக் மேனிஃபோல்டைத் தூக்கினால் போதும், ஹெட் அப்படியே இருக்கும். கஸ்டமரிடம் சொல்லும் தொகையில் இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று கராஜ் நடத்துபவர்களுக்குத் தெரியும். ஆகவே எந்தச் சோதனை ‘ஒன்றா, இரண்டா’ என்று சொல்கிறதோ, அதுதான் என் கையில் இருக்க வேண்டிய சோதனை.

டிரான்ஸ்டியூசர் அதைச் சொல்கிறது. சந்தேகப்படும் சிலிண்டரின் இன்ஜெக்டர் கனெக்டரை உருவி, ஸ்பார்க்கை வெளியே டெஸ்டரில் விட்டு, பிளக் துளையில் ஹோஸை மாட்டி ஐடிலில் ஓட விடுங்கள். ஹோஸுக்குள் கேஜுக்கான சின்ன வால்வு இருந்தால் கழற்றிவிட வேண்டும். ஐடிலில் ஏ.எஃப்.எம். வேலை செய்யாது. அதனால் அப்போது வால்வு திறக்கவில்லை என்றால் அது கோளாறுதான், கம்ப்யூட்டர் கேட்டுக்கொண்டதால் அல்ல. நல்ல சிலிண்டரில் இரண்டு சுற்றுக்கு ஒரே ஒரு உயரமான கோபுரம், பிறகு எக்ஸாஸ்ட்டின் சமதளம், பிறகு இன்டேக் இழுக்கும் பள்ளம். எக்ஸாஸ்ட் திறக்காவிட்டால் சமதளம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டாவது கோபுரம் எழும். இன்டேக் திறக்காவிட்டால் சமதளம் இருக்கும், கோபுரம் காணாமல் போயிருக்கும். இரண்டும் திறக்காவிட்டால் சமதளமே இல்லாமல், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே மாதிரி மேடு. மூன்றும் மூன்று படங்கள், குழப்பிக்கொள்ள இடமில்லை. சூடான பிறகு மட்டும் சிக்கும் லிஃப்டரையும் இதில் பிடிக்கலாம்: மாட்டிவிட்டு, ஆயில் சூடாகும்வரை ஓடவிட்டுக் காத்திருந்தால் கோடு மாறும் கணம் திரையிலேயே வரும்.

வால்வு கவரைக் கழற்றுவதும் இதே பதிலைத் தரும், அதுவும் இலவசமாக. செல்ஃப் அடித்துக்கொண்டே எந்த ராக்கர் அசையவில்லை என்று பார்த்தால் முடிந்தது. ஸ்கோப் படிக்கத் தெரியாத பையனுக்கும் இது புரியும், கஸ்டமரைக் கூப்பிட்டுக் காட்டவும் முடியும். எனக்கு இருக்கும் குறை, நேரமும் சூடும். இந்த இன்ஜினில் காயில்கள் கவர்மேலேயே உட்கார்ந்திருக்கின்றன, அவற்றையும் இறக்கியாக வேண்டும். செல்ஃப் வேகத்தில், குளிர்ந்த ஆயிலில் ஒழுங்காக ஆடும் ராக்கர், ஓட்டத்தில் சூடான பிறகும் ஆடும் என்று உத்தரவாதம் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தில் கவர்தான் ஜெயிக்கிறது: கேம் லோப் தேய்ந்து வால்வு பாதி மட்டும் திறந்தால், டயல் கேஜை ராக்கரில் வைத்துப் பக்கத்து சிலிண்டரோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் சரி. ஸ்கோப்பில் அது லேசான சரிவாகத்தான் தெரியும், அதைப் படிக்கப் பழகிய கண் வேண்டும். ஸ்கோப் ‘ஒரு வால்வு’ என்று சொன்ன பிறகு, ஹெட்டைத் தூக்கும் முன் எப்படியும் கவரைத் திறந்து பார்க்கிறேன். புஷ்ராடு வளைந்திருக்கிறதா என்று கண்ணாடிமேல் உருட்டிப் பார்க்கலாம்.

கிரைஸ்லரின் ஹெமி 5.7-க்கும் இதே தர்க்கம் செல்லும். எம்.டி.எஸ். (மல்டி டிஸ்பிளேஸ்மென்ட் சிஸ்டம்) என்ற பெயரில் அங்கேயும் அதே 1, 4, 6, 7, அங்கேயும் சிலிண்டருக்கு ஒரு சொலினாய்டு. சிலிண்டருக்கு இரண்டு பிளக் இருப்பதால் ஒன்றைக் கழற்றி ஹோஸ் மாட்டிவிட்டு, இரண்டு ஸ்பார்க்கையும் மறக்காமல் நிறுத்த வேண்டும். 2019 மாடலில் ஜிஎம் கொண்டுவந்த டி.எஃப்.எம். (டைனமிக் ஃப்யூயல் மேனேஜ்மென்ட்) வேறு விலங்கு. அதில் எட்டு சிலிண்டரும் அணையும், பதினாறு லிஃப்டரும் அந்த வகை. ‘1, 4, 6, 7’ என்ற குறுக்குவழி அங்கே உதவாது. என் கைக்கு அவை குறைவாகவே வந்திருக்கின்றன, அதனால் அங்கே என் பேச்சுக்குக் கொஞ்சம் எடை குறைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் விர்டுஸ், டைகன், ஸ்லாவியாவில் ஓடும் 1.5 டிஎஸ்ஐ-யில் சிலிண்டரை அணைக்கும் ஏற்பாடான ஏ.சி.டி.யில் இந்த லிஃப்டர் வம்பே இல்லை. கேம்மேல் ஒரு உறை நகர்ந்து லோபை மாற்றுகிறது, கோளாறு தேடும் வழியும் வேறு.

ஸ்கோப் வாங்கிவிட்டோம் என்று லீக்டவுன் டெஸ்டரை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். எரிந்த வால்வு, பிளந்த ரிங் என்றால் டிரான்ஸ்டியூசர் சாய்ந்த கோபுரத்தைக் காட்டும், எங்கே ஒழுகுகிறது என்று காட்டாது. காற்றை ஏற்றி, சைலன்சர் வாயில் சீறுகிறதா, திராட்டிலில் சீறுகிறதா, ஆயில் மூடியில் சீறுகிறதா என்று காதை வைத்துக் கேட்பதற்கு இன்னும் மாற்று வரவில்லை.