பொழுதுபோக்காக வரைபவர் எந்த இணையக் குழுவில் சேரலாம்?

படம் வரைந்து சம்பாதிக்க வேண்டிய கட்டாயம் இல்லாதவருக்கு ஒரு பெரிய வசதி உண்டு. எண்ணிக்கையைத் துரத்தத் தேவையில்லை. பார்க்க ஆள் வேண்டும், தப்பைச் சொல்ல ஆள் வேண்டும், கூடவே உட்கார்ந்து வரைய ஆள் வேண்டும். இந்த மூன்றையும் ஒரே இடத்தில் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

பார்க்க ஆள் என்றால் முதலில் நினைவுக்கு வருவது இன்ஸ்டாகிராம். கூட்டம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் 2020-ல் ரீல்ஸ் வந்த பிறகு, அசையாத படத்தைவிட வரையும் காணொளிக்கே அங்கே மவுசு. பென்சிலைப் பிடிக்க வேண்டிய நேரத்தில் போன் ஸ்டாண்டைச் சரிசெய்துகொண்டிருப்போம். வரும் கருத்துகளும் ‘அருமை’, ‘சூப்பர்’, இரண்டு தீ எமோஜி என்பதோடு நின்றுவிடும். முழங்கை தப்பான இடத்தில் மடங்கியிருக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தெரிந்தவர்களுக்குக் காட்ட நல்ல இடம், அவ்வளவே.

படங்களை ஒழுங்காக அடுக்கிவைக்க டேவியன்ட்ஆர்ட் வசதியானது. 2000-ல் தொடங்கிய தளம்; கேலரி, கோப்புறை, விருப்பத்துக்கேற்ற குழுக்கள் எல்லாம் உண்டு. கதாபாத்திரங்களை வரையும் ரசிகர்களுக்கு அது தாய்வீடு. ஆனால் 2022 நவம்பரில் ட்ரீம்அப் என்ற செயற்கை நுண்ணறிவு (ஏஐ) படக்கருவியை அறிமுகப்படுத்தியபோது, ஏஐ பயிற்சிக்குத் தன் படம் வேண்டாம் என்பதை ஓவியரே தேடிப்போய்ச் சொல்லும்படி வைத்திருந்தார்கள். பெரிய எதிர்ப்பு வந்தபின் அதை மாற்றினார்கள். பலருக்கு அந்தக் கசப்பு இன்னும் போகவில்லை.

அந்தக் கசப்பில் பலர் போய்ச் சேர்ந்த இடம் காரா என்ற ஓவியர் தளம். புகைப்படக் கலைஞர் ஜிங்னா ஜாங் தொடங்கியது. 2024 நடுவில், பயனர்களின் பதிவுகளை இன்ஸ்டாகிராமின் தாய் நிறுவனமான மெட்டா ஏஐ பயிற்சிக்கு எடுப்பது பெரும் பேச்சானபோது, சுமார் 40,000 ஆக இருந்த காராவின் பயனர் எண்ணிக்கை ஏறத்தாழ ஒரே வாரத்தில் 6,50,000-ஐ எட்டியது. ஏஐ படங்களுக்கு அங்கே இடமில்லை. நம் படங்களுக்கு ‘ஏஐ வேண்டாம்’ என்ற குறிச்சொல்லையும் அதுவே சேர்த்துவிடும். (அந்தக் குறிச்சொல் ஒரு வேண்டுகோள்தான், பூட்டு இல்லை. எடுக்க நினைப்பவன் எடுப்பான்.) பார்ப்பவர்களில் பெரும்பாலோர் ஓவியர்களே என்பதால், தூரிகைத் தடத்தைக் கவனிக்கிற கண்கள் கிடைக்கும். ஆர்ட்ஸ்டேஷனிலும் ஓவியர்கள்தான், ஆனால் அது வீடியோ கேம், சினிமாத் துறைகளில் வேலை தேடுபவர்களின் காட்சிக்கூடம். பார்த்து வியக்கலாம். குடியேற வேண்டாம்.

சரி, தப்பைச் சொல்ல யார்? இங்கே ரெடிட் என்ற விவாதத் தளமும் டிஸ்கார்டு என்ற அரட்டைச் செயலியும் நேருக்கு நேர் நிற்கின்றன.

ரெடிட்டில் ‘லேர்ன்ஆர்ட்’ குழுவில் படத்தைப் போட்டு விமர்சனம் கேட்கலாம். ‘எப்படி இருக்கு?’ என்று பொதுவாகக் கேட்டால் பதில் வராமலே போகலாம். ‘மூக்கின் நிழல் சரியான பக்கம் விழுகிறதா, தலை உடம்புக்குப் பெரிதாகத் தெரிகிறதா’ என்று கேட்டுப் பாருங்கள், சிலர் நம் படத்தின் மேலேயே சிவப்புக் கோட்டில் திருத்தி வரைந்து காட்டுவார்கள். பழைய பதிவுகளைத் தேடி எடுக்கலாம் என்பது இன்னொரு லாபம். நம் சந்தேகத்தை நமக்கு முன்பே யாராவது கேட்டிருப்பார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் பதில் சொல்பவர் புது ஆள். போன மாதம் திருத்தியவருக்கு இந்த மாதம் நாம் முன்னேறியது தெரியாது.

சின்ன டிஸ்கார்டு சர்வரில் (அங்கே குழுவுக்கு அதுதான் பெயர்) அந்த முன்னேற்றம் தெரியும். கைவிரல்களை வரையப் பயந்து எல்லோரையும் பாக்கெட்டில் கைவிட்டபடியே நிற்க வைக்கிறோம் என்பதை மூன்றாவது படத்திலேயே கண்டுபிடித்துக் கிண்டலடிப்பார்கள். வாய்ஸ் சேனலைத் திறந்துவைத்துவிட்டு ஆளாளுக்கு வரைந்துகொண்டிருக்கலாம், பேசாமலும் இருக்கலாம். கூடவே வரைய ஆள் வேண்டும் என்பவருக்கு இதைவிடப் பொருத்தமானது எதுவும் எனக்குத் தெரியவில்லை. குறையும் உண்டு: நேற்றைய நல்ல அறிவுரை இன்றைய அரட்டைக்கு அடியில் புதைந்துவிடும், கூகுளில் தேடினாலும் கிடைக்காது. ஆயிரக்கணக்கானோர் உள்ள சர்வர் என்றால் நெருக்கமும் போய்விடும், இரைச்சல்தான். என் ஓட்டு ஐம்பது பேருக்குள் இருக்கும் சர்வருக்கு.

திரையை விட்டு எழுந்துபோக ஆசை இருந்தால் அர்பன் ஸ்கெட்சர்ஸ். பத்திரிகை ஓவியர் கேப்ரியல் கம்பனாரியோ 2007-ல் இணையத்தில் தொடங்கி, பின் பல நாடுகளில் கிளை விட்ட அமைப்பு. நேரில் பார்த்து, அந்த இடத்திலேயே வரைய வேண்டும் என்பது அவர்கள் கொள்கை; புகைப்படத்தைப் பார்த்து வரைபவருக்கு அது ஒத்துவராது.

எதில் சேர்வதானாலும், படம் போடுவதற்கு முன் சில நாள் சும்மா வேடிக்கை பாருங்கள். நன்றாக வரைபவருக்கு வரும் பாராட்டை விட்டுவிடுங்கள், அது எங்கும் வரும். கோணலான முகம் ஒன்றைப் போட்ட புதியவருக்கு என்ன பதில் வந்தது என்று பாருங்கள். யாரும் கண்டுகொள்ளவில்லை என்றால் அடுத்த குழுவைப் பார்க்கலாம்.