துறைவாரி டீமா, ஃபீச்சர் டீமா?

சாஃப்ட்வேர் ஆட்களை இரண்டு விதமாகப் பிரிக்கலாம். பேக்எண்ட் (பின்னால் சர்வரில் ஓடும் பகுதி), ஃப்ரன்ட்எண்ட் (பயனர் பார்க்கும் திரை), டெஸ்டிங் என்று துறைவாரியாக உட்கார வைப்பது ஒன்று. தேடல், செக்அவுட், டெலிவரி என்று வேலைவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு டீமிலும் எல்லாத் துறைக்காரர்களையும் கலப்பது இன்னொன்று; அதுதான் ஃபீச்சர் டீம். இரண்டிலும் குப்பை கொட்டியிருக்கிறேன்.

துறைவாரி டீமில் இருந்தபோது, முகவரிப் படிவத்தில் 'லேண்ட்மார்க்' என்று ஒரு கட்டம் சேர்க்கச் சொன்னார்கள். டேட்டாபேஸ், ஏபிஐ (மென்பொருள் பகுதிகள் ஒன்றோடொன்று பேசும் வழி), திரை மூன்றையும் சேர்த்தாலே ஒரு நாள் வேலைதான். ஆனால் மூன்று டீமுக்கு மூன்று டிக்கெட், அதாவது வேலைக் கோரிக்கை. பேக்எண்ட் டீமின் ஸ்பிரின்ட் (குறுகிய வேலைச் சுற்று) நிரம்பிவிட்டதால் அடுத்ததில் எடுத்தார்கள். முடித்துக் கொடுத்தால், ஏபிஐயில் இருந்த பெயர் ஒன்று, ஃப்ரன்ட்எண்ட் எதிர்பார்த்தது வேறொன்று. மறுபடி ஒரு டிக்கெட். டெஸ்டிங் முடிய ஆறு வாரம். இத்தனைக்கும் யாரும் சும்மா இல்லை, எல்லாருமே பிஸி!

நிறுவனத்துக்குள் பேச்சு எப்படி ஓடுகிறதோ, அது கட்டும் சிஸ்டமும் அப்படியே அமையும் என்று கணினி அறிஞர் மெல்வின் கான்வே 1968-லேயே எழுதிவிட்டார்.

ஃபீச்சர் டீமில் இதே மாதிரி வேலை வந்தபோது, பெயர்ச் சண்டையை ஒரே மானிட்டர் முன்னால் நின்று போட்டோம். சாயங்கால டீக்குள் முடிந்தது. ஆனால் இதிலும் வில்லங்கம் உண்டு. டீமுக்கு ஒரே ஒரு பேக்எண்ட் ஆள் என்றால் அவர் எழுதும் நிரலை யார் ரிவ்யூ செய்வது? எங்கள் இடத்தில் போன் நம்பர் சரிபார்ப்பையே நான்கு டீம் நான்கு விதமாக எழுதி வைத்திருந்தது. 2012-இல் வெளியே தெரியவந்த ஸ்பாட்டிஃபை முறையில் டீமுக்கு 'ஸ்குவாட்' என்று பெயர். ஒரே திறமைக்காரர்களை ஸ்குவாட் தாண்டி இணைக்க 'சாப்டர்' என்று தனியாக ஒன்று. நாங்களும் வியாழக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கினோம். ரிலீஸ் வாரத்தில் முதலில் ரத்தாவது அந்தக் கூட்டம்தான்.

எந்த வகையானாலும் ஆள் கூடினால் சிக்கல். ஒருவரோடொருவர் பேச வேண்டியவர்கள் 6 பேருக்குள் 15 ஜோடி, 12 பேர் என்றால் 66. ஸ்க்ரம் என்ற டீம் வேலைமுறையின் கையேடும் பொதுவாக 10 பேருக்குள் என்கிறது.

வாடிக்கையாளர் பார்க்கும், அடிக்கடி மாறும் பகுதிகளுக்கு என் ஓட்டு ஃபீச்சர் டீமுக்கே. பேமென்ட் கணக்கு, லாகின் இரண்டை மட்டும் தனி டீமிடம் விடுவேன். கணக்கில் நான்கு டீம் கை வைத்தால், ஒரே ரீஃபண்ட் இரண்டு முறை போன பிறகு யாரைக் கேட்பது? ஆனால் அந்த டீமின் ஏபிஐ, கேட்காமலே மற்றவர்கள் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும். இல்லையென்றால் பழைய டிக்கெட் வரிசைதான்.