குறைந்த செலவில் வரைய என்ன வாங்கலாம்?

சென்னையில் இருந்தால் பாரிமுனை பந்தர் தெருவுக்கே போய்விடுங்கள், மொத்தக் கடைகளில் பேனாவைத் தாளில் கிறுக்கிப் பார்த்து வாங்கலாம். கோடு போட சகுரா மைக்ரான் பேனாதான் என் தேர்வு. விலை கொஞ்சம் கடிக்கும், ஆனால் நிறமித் துகள் கலந்த மை என்பதால் காய்ந்தபின் மேலே வாட்டர்கலர் அடித்தாலும் கரையாது. பேனாவில் போட்டிருக்கும் எண் கோட்டின் தடிமனைக் குறிக்கும்: 01 என்றால் 0.1 மி.மீ. இல்லை, 0.25 மி.மீ., 05 என்பது 0.45 மி.மீ. இரண்டில் ஒன்று போதும், முழு செட் வீண்செலவு.

மார்க்கரில்தான் பலர் காசை விடுகிறார்கள். ஆன்லைனில் அறுபது எண்பது நிறம் என்று மலிவாக வரும் ஆல்கஹால் மார்க்கர்கள் சாதாரண நோட்டில் பட்டதும் அடுத்த பக்கம் வரை ஊறிவிடும், அதற்கென்று தடித்த தாளும் வாங்க வேண்டும், அப்புறம் மலிவு எங்கே? பழகுகிறவர்களுக்கு டோம்ஸ் பிரஷ் பேனா செட் போதும். தண்ணீர் மை, ஈரத் தூரிகையால் இழுத்தால் நிறம் பரவும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தேய்த்தால் தாள் திரிதிரியாக உரியும், அவ்வளவுதான்.

ரப்பருக்கு அப்சரா நான்-டஸ்ட் போதும். கரி பென்சில் என்றால் மட்டும் பிசைந்து ஒற்றி எடுக்கும் நீடபிள் ரப்பர் வாங்குங்கள்.